பீமாருக்குத் தமிழில் என்ன வார்த்தை?

மொழிபெயர்ப்பாளனின் பிழைப்பில் சில வார்த்தைகள் தொண்டையில் மாட்டிய மீன் முள் மாதிரி. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. எனக்கு அப்படி மாட்டியது 'பீமாரு'.

சில ஆண்டுகளுக்கு முன் மாநிலங்களின் வளர்ச்சி பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து, 1980களின் மத்தியில் மக்கள்தொகை ஆய்வாளர் ஆஷிஷ் போஸ் உருவாக்கிய சொல் அது. அப்போது பிரதமராக இருந்த ராஜீவ் காந்திக்காக எழுதிய குறிப்பில் அதைப் பயன்படுத்தினார். இந்தியில் 'பீமார்' என்றால் நோயாளி. போஸின் நோக்கம் கேலி அல்ல. பிறப்பு, இறப்பு, எழுத்தறிவு என எதை எடுத்தாலும் இந்த நான்கு மாநிலங்கள்தான் நாட்டின் சராசரியைக் கீழே இழுக்கின்றன, கவனம் அங்கே போகட்டும் என்பதே அவர் சொன்னது. ஆனால் வார்த்தை அவர் கையை விட்டுப் போய்விட்டது.

இந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர அரை நாள் மல்லுக்கட்டினேன். தமிழ் எம்.ஏ. படித்தவன், சிலேடைக்குப் பஞ்சமில்லாத மொழிக்காரன் என்ற வீம்பு வேறு. 'நோஞ்சான் மாநிலங்கள்' என்று எழுதி அடித்தேன். 'சீக்காளி மாநிலங்கள்' என்று எழுதி அதையும் அடித்தேன். இந்திப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், பீகாரின் ஆரா பக்கத்துக்காரர், எட்டிப் பார்த்து என்ன சிக்கல் என்று கேட்டார். சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

"பாயிசாப், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்தப் பெயரைக் கேட்கிறேன். எங்கள் ஜுரத்தை அளக்கிறீர்கள். தெர்மாமீட்டரை ஊருக்கெல்லாம் காட்டுகிறீர்கள். மருந்துச் சீட்டுதான் வந்து சேரவில்லை" என்றார்.

அன்றிலிருந்து எந்த அட்டவணையைத் தமிழாக்கினாலும் ஒரு கேள்வி கூடவே வருகிறது. இந்த எண் யாருக்கு? தெர்மாமீட்டரா, மருந்துச் சீட்டா?

நோயாளி என்று பெயர் வாங்கிய மாநிலங்களில் முதலாவது பீகார் அல்ல, கேரளம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 1971-ல் வி.எம். தாண்டேகரும் நீலகண்ட ரத்தும் 'இந்தியாவில் வறுமை' என்ற புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் உயிர்வாழத் தேவையான கலோரிக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்த்து வறுமைக்கோட்டைப் போட்டார்கள். அதன்படி கிராமப்புற ஏழைகளின் விகிதம் மிக அதிகமாக இருந்த மாநிலம் கேரளம். ஏறக்குறைய கிராமத்தவர் எல்லோருமே பட்டினி என்று சொல்லும் அளவுக்கு எண் இருந்தது. ஆனால் அதே கேரளத்தில் மற்ற மாநிலத்தவரைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். குழந்தைகள் குறைவாக இறந்தன. பட்டினி கிடப்பவர்கள் எப்படி நீண்ட நாள் வாழ்வார்கள்?

திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் அப்போதுதான் தொடங்கியிருந்த வளர்ச்சி ஆய்வு மையம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது. விடையின் ஒரு பகுதி மண்ணுக்குக் கீழே இருந்தது. மரவள்ளிக்கிழங்கு. 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர் அது. அரிசி வாங்க முடியாதவர்களின் வயிற்றை மலிவாக நிரப்பியது. கொல்லையில் பிடுங்கி வேகவைத்துத் தின்னும் கிழங்கும், மரத்திலிருந்து இறங்கும் தேங்காயும் தானியத்தையும் ரூபாயையும் வைத்துப் போட்ட கணக்கில் சரியாக விழவில்லை. ஐக்கிய நாடுகள் சபைக்காக அந்த மையம் தயாரித்த அறிக்கை 1975-ல் வெளிவந்தது. கேரளத்தில் வருமானம் குறைவு என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் எழுத்தறிவு, ஆயுள், சிசு மரணம், நிலச் சீர்திருத்தம், ரேஷன் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. வருமானம் உயரும்வரை காத்திராமலே வாழ்க்கையைச் சற்று மேம்படுத்த முடியும் என்று காட்டியது. பிறகு மற்றவர்கள் இதற்குக் 'கேரள மாதிரி' என்று பெயர் வைத்தார்கள். இன்று சராசரி மலையாளி தன்னைப் பற்றி வைத்திருக்கும் பெருமையில் இந்த அட்டவணைக்கும் பங்கு உண்டு.

கிழங்கு தின்கிற ஊரைக் கிழங்கு தெரிந்தவர்கள் எண்ணியபோது எண்ணும் மாறியது, ஊரின் முகமும் மாறியது. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் எர்ணாகுளத்தில். 1989-ல் அந்த மாவட்டம் முழுவதையும் எழுத்தறிவுள்ளதாக ஆக்குவது என்று மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இறங்கின. முதலில் செய்தது கணக்கெடுப்பு. சம்பளத்துக்கு வந்த ஊழியர்கள் அல்ல, பல்லாயிரம் தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் லட்சத்துக்கும் மேல் என்று தெரிந்தது. ஆனால் அது வெறும் தொகை அல்ல. எந்தத் தெரு, எந்த வீடு, யார் என்ற பட்டியல். கணக்கெடுக்கப் போனவர்களில் பலரே பிறகு சொல்லிக்கொடுக்கவும் போனார்கள். வயதானவர்கள் பலருக்கு எழுத்து தெரியாதது மட்டுமல்ல, கண்ணும் சரியாகத் தெரியவில்லை என்பது வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மூக்குக் கண்ணாடிகள் சேகரித்துக் கொடுத்தார்கள். 'எழுத்தறிவற்றோர் இத்தனை சதவிகிதம்' என்ற எண்ணை வைத்துக்கொண்டு எந்தச் செயலகத்திலும் யாரும் கண்ணாடிக்கு உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள்.

1990 பிப்ரவரி 4 அன்று பிரதமர் வி.பி. சிங் எர்ணாகுளத்தை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில், மாநிலம் முழுவதும் எழுத்தறிவு பெற்றுவிட்டது என்ற அறிவிப்பை வாசித்தவர் முதலமைச்சர் அல்ல. முதுமையில் எழுத்து கற்ற மலப்புரத்துச் சேலக்கோடன் ஆயிஷா. அதே அலை புதுக்கோட்டையில் அறிவொளியாக அடித்ததும், எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் சாலையை நிறைத்ததும் நம் வாசகர்கள் அறிந்த கதை.

அடுத்தது ஆலப்புழை. ஏழை யார் என்று கண்டுபிடிக்க அரசாங்கத்துக்கு வழக்கமாகத் தெரிந்த ஒரே வழி வருமானத்தைக் கேட்பது. வருமானம் கேட்டால் எல்லோரும் பொய் சொல்வார்கள். ஏழை பயத்தில், பணக்காரர் பழக்கத்தில். 1990களில் ஆலப்புழை நகரத்துப் பெண்கள் குழுக்களை வைத்து நடந்த திட்டத்தில் வருமானத்தை விட்டுவிட்டு ஒன்பது விஷயங்களைக் கேட்டார்கள். வீடு ஒழுங்கான வீடா? கழிப்பறை உண்டா? நல்ல குடிநீர் கிடைக்கிறதா? இரண்டு வேளையோ அதற்கும் குறைவாகவோதான் சாப்பிடுகிறார்களா? ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கிறதா? சம்பாதிப்பவர் ஒருவர்தானா, அல்லது ஒருவருமே இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறாரா? தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிக் குடும்பமா? குடிக்கு அடிமையானவர் வீட்டில் உண்டா? ஒன்பதில் நான்கு பொருந்தினால் அந்தக் குடும்பம் உதவிக்கு உரியது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இந்த ஒன்பதையும் மாநிலம் முழுவதும் கொண்டுபோனது.

இந்தப் பட்டியலைத் தமிழாக்கியபோதுதான் நண்பர் சொன்ன மருந்துச் சீட்டு எனக்கு விளங்கியது. 'வருமானம் குறைவு' என்றால் உடனே செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 'கழிப்பறை இல்லை' என்றால் செய்ய வேண்டியது அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. இன்னொன்று, குடிகாரக் கணவன் வீட்டில் இருக்கிறானா என்பதை வெளியூர் அதிகாரியிடம் யாரும் சொல்லமாட்டார்கள். அயல்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லவே வேண்டியதில்லை. அவருக்குத் தெரியும்.

இதெல்லாம் கேரளத்தில் நடக்கும், அங்கே எல்லோரும் படித்தவர்கள் என்பீர்கள். அப்படியானால் ராஜஸ்தானுக்கு வாருங்கள். பீமாருவில் மூன்றாவது எழுத்து.

ராஜ்சமந்த் மாவட்டத்துத் தேவ்துங்கரி கிராமத்தில் ஒரு மண் வீட்டில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் தங்கி வேலை செய்தார்கள். 1990-ல் கிராமத்தவரோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைக்குச் சட்டப்படியான கூலி ஏன் வரவில்லை என்று கேட்டால், வருகைப் பதிவேட்டில் வேலை குறைவாக இருக்கிறது என்று பதில் வரும். பதிவேட்டைக் காட்டு என்றால் அது அரசாங்க ரகசியம். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் முறையாகப் பொது விசாரணை நடத்தினார்கள். எப்படியோ கிடைத்த பதிவேட்டை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தது. அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் செத்துப்போனவர் கூலி வாங்கியிருந்தார். ஊரை விட்டுப் போய் வருஷக்கணக்கானவர் மண் சுமந்திருந்தார். வேலையே செய்யாதவர் கைநாட்டு வைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தங்கள் ஊரில் யார் உயிரோடு இருக்கிறார், எந்தச் சுவர் கட்டப்பட்டது, எது கட்டப்படவில்லை என்பது அவர்களைவிட எந்தப் புள்ளிவிவர நிபுணருக்குத் தெரியும்?

'நம் பணம், நம் கணக்கு' என்பது அவர்கள் கோஷம். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். தகவல் உரிமைக்கு முதலில் சட்டம் போட்ட மாநிலம் என்ற பெயர் 1997-ல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகளே அதிகம். 2005-ல் நாடு முழுவதற்கும் வந்த சட்டத்தின் பின்னால் நின்றது ராஜஸ்தானத்து உழைப்பாளிகளின் பிடிவாதம். நோயாளி என்று பெயர் வாங்கிய மாநிலம்தான் கணக்குக் கேட்கும் பழக்கத்தை நாட்டுக்குக் கொடுத்தது. இதை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

பெருமையின் எண்ணுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கேரளத்தின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 12 என்று இருந்த 2013-ல், கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடி மலையில் இருளர், முடுகர், குறும்பர் குழந்தைகள் சத்துக்குறைவால் வரிசையாக இறந்தன. மாநிலச் சராசரி அந்தத் தாய்மார்களை மூடி மறைத்திருந்தது. 2025 நவம்பர் 1 அன்று, கடும் வறுமை ஒழிந்த மாநிலமாகக் கேரளம் தன்னை அறிவித்துக்கொண்டது. 64,006 குடும்பங்களைப் பெயர் பெயராகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் போட்டதாக அரசு சொன்னது. ஆலப்புழை வழி அது, நல்ல வழிதான். ஆனால் அந்தப் பட்டியலில் யார் விடுபட்டார்கள், பழங்குடியினர் எத்தனை பேர், எந்த ஆய்வின் அடிப்படையில் இந்த முடிவு என்று கேரளத்துப் பொருளாதார அறிஞர்களே பகிரங்கமாகக் கேட்டார்கள். அந்தக் கேள்வியை மாநிலத்தின் பெயரைக் கெடுக்கும் வேலையாகப் பார்த்தவர்களும் உண்டு. எனக்கு அது நல்ல பெயரைக் காப்பாற்றும் வேலையாகத்தான் படுகிறது. எண் அடையாளமாகிவிட்டால் திருத்த மனம் வராது. திருத்த முடியாத எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது விளம்பரம்தான்.

அவமானத்தின் எண்ணுக்கும் ஒரு குறை இருக்கிறது. அது நிற்கும் இடத்தைச் சொல்லும், நடக்கும் வேகத்தைச் சொல்லாது. 2001-ல் பீகாரில் எழுத்தறிவு 47 சதவிகிதம். 2011-ல் 61.8. பத்தே ஆண்டில் ஏறக்குறைய 15 புள்ளிகள். அதே காலத்தில் கேரளம் 90.9-லிருந்து 94-க்கு நகர்ந்தது. வரிசைப் பட்டியலில் பீகார் அப்போதும் கடைசி. 2006-ல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது பீகார். பள்ளிக்கூடம் தூரமாக இருந்த ஊர்களில்தான் அதன் பலன் அதிகம் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். புதுக்கோட்டைச் சாலையில் பார்த்த காட்சி சம்பாரணிலும் சீவானிலும் தெரிந்தது. ஆனால் பீமாரு என்ற சொல்லில் சைக்கிளுக்கு இடமில்லை.

2023 அக்டோபர் 2 அன்று பீகார் தன் சாதிவாரிக் கணக்கெடுப்பை வெளியிட்டது. மக்கள் 13 கோடிக்கு மேல். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 36 சதவிகிதம். அடுத்த மாதம் வந்த பொருளாதார விவரப்படி, மூன்றில் ஒரு குடும்பத்துக்கு மேல் மாதம் 6,000 ரூபாய் அல்லது அதற்கும் குறைவாகச் சம்பாதிக்கிறது. இதை வைத்து இட ஒதுக்கீட்டை 65 சதவிகிதமாக உயர்த்திய சட்டத்தை 2024 ஜூனில் பாட்னா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கணக்கெடுப்பின் அரசியல் பற்றி நண்பருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒன்றை மறுக்க முடியவில்லை. "இந்த முறை தெர்மாமீட்டர் எங்கள் கையில், பாயிசாப்."

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021-ல் நடக்கவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிராமத்தில் 75 சதவிகிதத்தினர், நகரத்தில் 50 சதவிகிதத்தினர் வரை ரேஷன் பெற உரியவர்கள். அது எத்தனை பேர் என்பதை 2011-ன் எண்ணை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். சுமார் 81 கோடி. மக்கள்தொகை ஏறியது, இந்த எண் ஏறவில்லை. 10 கோடிக்கும் மேற்பட்டோர் இதனால் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஜான் ட்ரேஸும் ரீத்திகா கேராவும் 2020-லேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, நினைப்பது இரண்டும்தான். எண்ணப்படாதவரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கணக்கெடுப்பின் நாள் 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இங்கே தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 கணக்குப்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. அதில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மும்பையிலோ பெங்களூரிலோ பாலக்காட்டிலோ ஒரு தமிழ் வழி வகுப்பு வேண்டும் என்று மனு கொடுத்தால், முதலில் வரும் கேள்வி 'எத்தனை பேர் இருக்கிறீர்கள்?' என்பதுதான்.

2011-ல் தில்லியில் எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. "மொழி... மதராசிதானே?" என்று கேட்டார். "தமிழ்" என்றேன். பொறுமையாக எழுதிக்கொண்டார். அடுத்து மகளைக் காட்டி, "இவளுக்கு?" என்றார். மூன்று வயது மகள் கதவுக்குப் பின்னால் பொம்மையிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். தாய்மொழிக் கேள்வி வீட்டுக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. அதுதான் சரியும்கூட. ஒரு வினாடி தயங்கி, தமிழ் என்றே சொன்னேன். வீட்டில் அவள் அம்மா அவளிடம் பேசுவது தமிழ்தானே. அந்த வரியில் எழுதுவது ஆசையல்ல, உண்மையாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை நண்பரிடம் சொன்னேன். அவர் பேசுவது போஜ்புரி. 2011-ல் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் போஜ்புரி என்று சொன்னார்கள். வெளியான மொழிப் பட்டியலில் அவர்கள் இந்தியின் 52.8 கோடிக்குள் அடங்கிப்போனார்கள். 2003-ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் இடம் பிடித்த மைதிலிக்குத் தனி வரி உண்டு. போஜ்புரிக்கு இல்லை. "பார்த்தீர்களா, எங்கள் நோய்க்குத் தனிப் பெயர் வைத்தார்கள். மொழிக்குத் தனி வரி தரவில்லை" என்றார் அவர்.

அந்தக் கட்டுரையில் கடைசியில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சிலேடையைக் கைவிட்டேன். 'பீமாரு' என்றே தமிழில் எழுதிவிட்டு, பொருள் சொல்லும் வாக்கியத்துக்குப் பின் ஒரு வரி சேர்த்தேன். 'இது அந்த மாநிலத்தவர் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல.' ஆங்கில மூலத்தில் அந்த வரி கிடையாது. மொழிபெயர்ப்பாளன் தன் கையிலிருந்து எதையும் சேர்க்கக் கூடாது என்பது தொழில் தர்மம். அன்று மீறினேன். இன்றுவரை வருத்தமில்லை.